நாற்பது நாற்காலி

எங்கள் சபையின் புதுக் கட்டடத்தில் இருக்கைகளைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். மெத்தை வைத்த இருக்கைகள். கை வைக்க இடம் உண்டு, முதுகுப் பக்கம் பாட்டுப் புத்தகம் செருக ஒரு பை உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆராதனை ஒன்பதரைக்கு என்றால் நான் எட்டு மணிக்கே போய் நின்றுவிடுகிறேன். போய் என்ன செய்ய? கையைப் பிசைந்துகொண்டு நடைபாதையில் இப்படியும் அப்படியும் நடக்கிறேன். போன வாரம் ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சும்மா சிரித்து வைத்தேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் சபை. பக்கவாட்டில் செங்குத்தான படிக்கட்டு, இருபத்திரண்டு படி. ஏறி முடிக்கும்போதே பாதி ஜெபம் முடிந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் கீழேயிருந்து ரப்பர் பசை வாசனை வரும். சுவரில் பச்சை வண்ணம், அதில் மழைத்தண்ணீர் வழிந்த கறை. மூலையில் நாற்பது இரும்பு மடக்கு நாற்காலிகள். மூடப்பட்ட ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை என்பதால் ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதியிருக்கும். பதினேழாம் நம்பருக்கு மட்டும் கெட்ட புத்தி. விரிக்கும்போது விரலைக் கவ்விவிடும். சபைக்குப் புதிதாக வந்து அதனிடம் கடிபடாதவர்கள் யாரும் கிடையாது.

நாற்காலி போடுவது எங்கள் இருவரின் வேலை. இவருக்கும் எனக்கும். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பாதி லிஃப்ட் இவர் கைபட்டு ஓடியது. இவரோ வாரம் தவறாமல் இருபத்திரண்டு படி ஏறித்தான் ஆண்டவரைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் கண் ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடுகிற வேலையில் இருந்தேன். காத்திருக்கிறவர்களின் பேரை வாசித்து டாக்டர் அறைக்குள் அனுப்ப வேண்டும். முதல் வருடம் எனக்கு ஒரு மைக் கொடுத்தார்கள். அது கெட்டுப்போனது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் தொண்டை அப்படி.

நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு முன்னாள் பாஸ்டர் ஊருக்கு நடுவே ஏசி ஹால் பிடித்துக்கொண்டு போனார். கூட்டமும் அவர் பின்னால் போனது. மிஞ்சியது ஆறே பேர். நாங்கள் இருவர், ஒரு நர்ஸ், ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர், ஒரு தையற்காரர், அவர் மனைவி. வேறு ஆள் இல்லாததால் தையற்காரரே பாஸ்டரானார். அவர் பிரசங்கம் செய்யும்போது பழக்கதோஷத்தில் எங்கள் தோள் அளவைக் கண்ணாலேயே எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆறு பேருக்கும் இவர் நாற்பது நாற்காலி போடுவார். வாரா வாரம். ஆராதனை முடிந்ததும் நாற்பதையும் மடித்துச் சுவரோரம் அடுக்குவார். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏங்க, யாருங்க வரப்போறாங்க நாப்பது பேரு? உங்களுக்கு இடுப்பு வலி, எனக்குக் கை வலி. பத்து போட்டா பத்தாதா?"

"லிஃப்டுல ஒத்த ஆள் ஏறினாலும் பதிமூணு ஆள் பாரத்துக்குத்தான் கயிறு போடுவோம்" என்பார் இவர். "ஏறுறது எத்தனை பேருங்கறது ஏறுறவங்க பாடு. கயிறு என் பாடு. அந்த ரெண்டை இப்படி எடு."

இப்படிப்பட்டவரோடு எங்கே சண்டை போடுவது? முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன்.

அந்த நாற்பதில் ஒன்று என் தம்பிக்கு என்று நான் மனதுக்குள் வைத்திருந்தேன். வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். ஆறடி உயரம் வளர்ந்த பிறகும் சின்னவன்தான். தரையில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவனுக்கு. சிறுவயதில் என்னைவிட அவன்தான் பக்தி. அப்பா படுக்கையில் விழுந்தபோது ஒன்பது நாள் சாப்பிடாமல் ஜெபித்தான். பத்தாம் நாள் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் பைபிளை என் மடியில் வைத்தான்.

"இதை நீயே வெச்சுக்க அக்கா. உங்க ஆண்டவருக்குக் காது கேக்கல. நான் கத்திப் பார்த்துட்டேன்."

அதற்குப் பிறகு சபைப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால் சிரிப்பான். "நான் நாள் பூரா முழங்கால்லதான் நிக்கிறேன். ஞாயித்துக்கிழமையும் முழங்கால் போடச் சொல்றியே, நியாயமா?" என்பான். பேச்சு விளையாட்டுதான், முழங்கால் விளையாட்டில்லை. தரையிலேயே கிடந்து கிடந்து இரண்டும் வீங்கியிருக்கும். நான் தைலம் தேய்த்துவிடும்போது பல்லைக் கடித்துக்கொள்வான்.

ஏழு வருடம் அவனுக்காகக் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும், எல்லோருக்கும் முன்னால், வாய்விட்டு. இந்த ஏழு வருடத்தில் என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை.

சத்துரு எதிர்த்து வருவான், விழித்திருங்கள் என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் நான் கொம்பும் வாலுமாக ஓர் உருவத்தை நினைத்துக்கொள்வேன். அந்த உருவம் வந்திருந்தால் நான் விளக்குமாற்றாலேயே சமாளித்திருப்பேன். என்னிடம் வந்தவன் என் குரலில் பேசினான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, ஆஸ்பத்திரியில் பேர் வாசித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே மெதுவாக ஆரம்பிப்பான். உன் ஜெபம் கூரையைத் தாண்டுகிறதா? போனவர்கள் எல்லாம் முட்டாள்களா, நீங்கள் ஆறு பேர்தான் புத்திசாலிகளா? தம்பி சொன்னது சரியாக இருந்தால்? நியாயமான கேள்வி மாதிரியே இருக்கும். என் புத்திதான் பேசுகிறது என்று நம்பி நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய சிநேகிதி வந்தாள். ஏசி ஹாலுக்குப் போனவள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, கண்ணீர் வழிய என்னைப் பார்த்துச் சொன்னாள். "இன்னுமா அந்த மாடியில இருக்கீங்க? பாவம்டி நீங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பாவம் என்றாள். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் இவருக்கு அவசர அழைப்பு. எங்கோ லிஃப்டில் மூன்று பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். "நீ போய் நாற்காலியைப் போட்டு வை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையோடு ஓடினார். நான் மட்டும் படி ஏறினேன். சுவரோரம் அடுக்கியிருந்த இரும்பைப் பார்த்ததும் எனக்கு வெறுத்துப்போனது. ஆறு எடுத்தேன். ஆறு போட்டேன். அறை நடுவில் வட்டமாக. மீதியைப் பழைய திரைத்துணி போட்டு மூடிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்த மாதிரி அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பாஸ்டர் வட்டத்தைப் பார்த்தார், பைபிளைத் திறந்தார். இவர் கையில் கிரீஸோடு தாமதமாக வந்து ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஜெப வேளையில் என் முறை வந்தது. நான் வாயைத் திறந்தேன், வந்தது ஜெபமே இல்லை.

"ஆண்டவரே, ஏழு வருஷமா ஒரே பேரைக் கூப்பிட்டுட்டு இருக்கேன். ஆஸ்பத்திரியில மூணு தடவை கூப்பிட்டு வரலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவேன். இனிமே சின்னவனுக்காக உங்ககிட்ட கேக்க மாட்டேன். அவன் பாடு, உங்க பாடு. நான் விட்டுட்டேன்."

அதற்குப் பிறகும் ஏதோ பேசினேன், அழுதேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. தையற்காரர் மனைவி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆராதனை முடிந்து கீழே இறங்கினோம். சைக்கிள் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்னம்மா, உங்க தம்பி வந்தாரே, பார்த்தீங்களா?"

"என் தம்பியா? எப்போ?"

"இப்பத்தான், அரை மணி நேரம் இருக்கும். மேல ஏறிப் போனாரு, போன வேகத்துல இறங்கிட்டாரு. என்னப்பான்னு கேட்டேன். 'மேல இடம் இல்லண்ணே'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடமாக நாற்பது போட்டோம், வரவில்லை. ஆறு போட்ட அன்றைக்கு வந்திருக்கிறான். வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். ஆறு நாற்காலியிலும் ஆறு பேர். இடமில்லை என்று திரும்பிப் போயிருக்கிறான்.

அதற்குப் பிறகு வந்த நாலு வருடத்தைப் போல ஒரு காலம் என் எதிரிக்கும் வேண்டாம். உள்ளே பேசுகிறவன் கேள்வி கேட்பதை விட்டுவிட்டான். இப்போது தீர்ப்பே சொன்னான். நீதான் அவனைத் திருப்பி அனுப்பினாய். ஆண்டவர் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார், நீ நாற்காலியை மடித்து வைத்தாய். இனி எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவாய்? ஞாயிறு காலையில் செருப்பை மாட்டும்போது காலே நகராது. இப்படிப்பட்டவள் போகாமல் இருப்பதுதான் மரியாதை என்று தோன்றும். அது பணிவு என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சின்னவனிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அடுத்த வாரமே அவன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டான். போனில் பேசுவான். மழை பெய்ததா என்பான், இடுப்பு எப்படி என்று அத்தானைக் கேட்பான். அந்த ஞாயிறைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பயம். 'ஆமாம் அக்கா, இடமில்லை' என்று சொல்லிவிட்டால்?

இவரிடம் மட்டும் சொல்லி அழுதேன். இவர் ஒரு திருப்புளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சிரித்துவிட்டார்.

"நாற்காலி இல்லன்னா திரும்பிப் போவான்? யாரு, உன் தம்பியா? தரையில உக்காந்திருப்பான்டி. அவன் பொழப்பே தரையிலதானே?"

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"விளையாட்டு இல்ல. வேற ஏதோ இருக்கு. நமக்குத் தெரியல. தெரியாததுக்கெல்லாம் நீயே பொறுப்பு ஏத்துக்காத. வா, நாற்காலி போடணும்."

நான் நம்பவில்லை. ஆனால் போனேன். விசுவாசத்தில் போனேன் என்று இப்போது சாட்சி சொன்னால் அது பொய். இவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான். வாரா வாரம் நாற்பது போட்டோம். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. எண் பார்த்து, வரிசை பார்த்துப் போடுவேன். பதினேழில் கடிபட்டாலும் சும்மா இருப்பேன், எனக்கு நன்றாக வேண்டும் என்று.

நாலாவது வருடம் இவர் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. சின்னவன் வந்தான். பெட்டியைத் தூக்கினான். மூன்று நாள் என்னோடு இருந்தான், என் காலடியில் தரையில்தான் உட்கார்ந்திருந்தான். அப்போதும் நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, பாஸ்டர் வீட்டுக்கு வந்து சொன்னார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா. நாற்காலியை நாங்க பார்த்துக்கறோம்." நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போனதும் உள்ளே இருக்கிறவன் உடனே பிடித்துக்கொண்டான். சரிதான், விட்டுவிடு. உன்னைக் கூட்டிப்போனவரே போய்விட்டார். இனி யாருக்காக?

எனக்கு வந்ததே ஒரு கோபம்! அழுகை கூட அப்புறம்தான் வந்தது. வெறும் அறையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன், "நீ யாருடா என்னைப் போகாதேன்னு சொல்ல? நான் கெட்டவதான். கெட்டவளா நாற்காலி போடுறேன். போடா." பக்கத்து வீட்டுக்காரி, துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் முறையாக என் காலால் நானே நடந்தேன். நாற்பதையும் ஒற்றையாளாகப் போட ஒரு மணி நேரம் ஆனது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு, எட்டேகால் இருக்கும். முதல் வரிசைகூட முடியவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறும் சத்தம். முழங்கால் வலிக்காரர் யாரோ, தபால்காரர் சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் சின்னவன்.

என் கையில் இருந்த நாற்காலி நழுவி விழுந்தது. அறையில் விரித்த நாற்காலி மூன்றோ நாலோதான் இருக்கும். மற்றதெல்லாம் சுவரோரம் மடித்தபடி. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"இரு தம்பி, போயிடாத, இதோ போட்டுடறேன், இதோ, ஒரு நிமிஷம்" என்று உளறிக்கொண்டு ஒன்றை இழுத்தேன்.

"எதுக்கு அக்கா பதறுற? மெதுவா."

"இடம் இருக்குடா. அன்னைக்குத்தான் நான் பாவி, ஆறே ஆறு போட்டேன். இடமில்லன்னு நீ போயிட்ட. இன்னைக்கு இருக்கு."

அவன் என்னை விழித்துப் பார்த்தான். "என்ன சொல்ற? நாற்காலி இல்லன்னா நான் போனேன்? நான் என்னைக்கு அக்கா நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

இவர் சொன்ன அதே பேச்சு.

"அப்ப சைக்கிள் கடைக்காரர்கிட்ட இடமில்லன்னு சொன்னியாமே?"

"அழுதுட்டே இறங்குறேன். அவர் என்னன்னு கேக்கறாரு. வேற என்னத்தச் சொல்ல?" தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "சும்மா எட்டிப் பார்க்கலாம்னுதான் அன்னைக்கு வந்தேன். பாதிப் படி ஏறும்போதே உன் குரல் கேட்டுச்சு. உன் குரல்தான் ஊருக்கே கேக்குமே. சின்னவனுக்காக இனி கேக்க மாட்டேன், விட்டுட்டேன்னு சொன்ன. சரி, அக்காவும் விட்டாச்சு, நல்லதாப் போச்சுன்னு திரும்பினேன். ரெண்டு படி இறங்கியிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ சொல்ற, 'ஆனா அவன் முழங்கால மட்டும் பார்த்துக்கோங்க ஆண்டவரே. இடது பக்கம் ரொம்ப வீங்கியிருக்கு, தைலம் தேய்ச்சா தாங்க மாட்டேங்கறான்'னு."

எனக்குச் சொன்ன ஞாபகமே இல்லை. இன்றுவரை இல்லை.

"நான் சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னேன் அக்கா. மேல ஏறவும் முடியல. அந்த மூஞ்சியோட உள்ள எப்படி வர்றது? இறங்கிட்டேன். நாலு வருஷமா எங்க தரையில முழங்கால் போட்டாலும் அந்தக் குரல்தான். வேற எதையும் நான் நம்பல. அதை மட்டும் தள்ளிவிட முடியல."

"நாலு வருஷம்!" கத்திவிட்டேன். கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது. "நாலு வருஷம் நான் செத்துப் பிழைச்சேன்டா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அத்தானுக்காவது சொல்லியிருக்கலாமே? தெரியாமலே போயிட்டாரேடா!"

"எனக்குத் தெரியுமா, நீ இப்படி நினைச்சுட்டு இருக்கேன்னு? நேத்து வந்து இறங்கினப்ப கடைக்காரர்தான் சொன்னாரு, உங்கக்கா தனியா நாப்பது நாற்காலி போடுறாங்க, பார்க்கப் பாவமா இருக்குன்னு. அதான் வந்தேன்."

அவன் தலையில் இரண்டு அடி வைத்தேன். பிறகு அந்தத் தலையையே பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் இருந்திருந்தால் திருப்புளியைத் துடைத்துக்கொண்டு, 'நான் சொன்னேன்ல?' என்றிருப்பார். அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆறாது.

சின்னவன் தரையில் கையூன்றி எழுந்தான். சுவரோரம் போய்ப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை எடுத்தான். ஒன்றை விரித்ததும் "ஐயோ!" என்று விரலை உதறினான்.

"பதினேழா?" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"நம்பர் யாரு பார்த்தா? கடிக்குது." விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுக்கைப் பார்த்தான். "எத்தனை போடணும்?"

"நாப்பது."

"நாப்பதா? யாரு அக்கா வரப்போறாங்க நாப்பது பேரு?"

லிஃப்ட், கயிறு, பதிமூன்று ஆள் பாரம் என்று எல்லாம் நுனிநாக்கு வரை வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டை. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அடுத்த இரண்டை எடுக்கப் போயிருந்தான்.